கப்பல் போன பின்னும் தங்கிய சொல்

என் ஹாபீஸு மாமா,

ஏகாம்பரம் என்ற உன் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் நீ ஹாபீஸுதான். சுமையைத் தூக்கு என்பதற்கு ஹாபீஸ், இறக்கு என்பதற்கு ஆரியா. முப்பது வருஷம் துறைமுகத்தில், கப்பல் தளத்தின் விளிம்பில் நின்று, மேலே கிரேன்காரனையும் கீழே சரக்குக் குழிக்குள் நிற்கிறவனையும் அந்த இரண்டு சொல்லாலும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்திருந்தவன் நீ. வீட்டிலும் அதே பேச்சுதான். கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றும்போது ஹாபீஸ். பவானியைத் தொட்டிலில் போடும்போது மட்டும் குரலைத் தணித்து, ஆரியா, ஆரியா என்பாய். பிள்ளை பாதி வழியிலேயே தூங்கிவிடும்.

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம். உன்னோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். உன் தோஸ்து கஜா அண்ணன் வந்து, "அண்ணி, நீயும் ரெண்டு வார்த்த எழுதிக் குடு" என்றார்.

"எனுக்கு இன்னாண்ணே எழுத வரும்? அஞ்சாங்கிளாஸு."

"காசிமேட்டுல அம்மாம் பேரு எதிர்ல நின்னுகினு மீன் ஏலம் வுடுற. ஒரு காகிதத்துக்குப் போயி பயந்துக்கினு கீறியே!"

ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பேச்சு ஒரு மாதிரி வரும். எழுத்து அந்த ஐந்தாம் வகுப்பு வாத்தியார் பழக்கிய மாதிரிதான் வரும். பொறுத்துக்கொள். இதை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னிடம் மறைத்த ஒன்றை ஊர் முன்னால் சொன்னால்தான் என் நெஞ்சு ஆறும்.

பவானி ஆபீஸ் வேலையில் இல்லை மாமா. நீ கண்ணை மூடுவதற்கு நாலு மாதம் முன்பிருந்தே இல்லை. காட்டுப்பள்ளிப் பக்கம், பெரிய சுமைகளை ஏற்றி இறக்கும் அந்த யார்டில், தலையில் ஹெல்மெட்டும் காலில் இரும்பு வைத்த பூட்ஸுமாக, கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிறாள். நீ செய்த அதே வேலை. எந்த வெயிலுக்கு அவள் போகக்கூடாது என்று நீ பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தாயோ, அந்த வெயில்.

கோபப்படாதே. முழுவதும் கேட்டுவிட்டுக் கோபப்படு.

உன் பயம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். பவானி ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். நீ வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, மிஸ் முன்னால் போய் நின்றாய். "இன்னா மிஸ்ஸு, எங்க பொண்ணு ஒயுங்கா படிச்சுக்கினு கீதா?" என்றாய். வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தர் சிரித்துவிட்டார். "காமெடி சீன் மாதிரியே இருக்குல்ல?" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். மிஸ் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அதுதான் உன்னைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பேசினாய்.

"த பாரு மே. நம்ம பாஷ நம்மளோட போவட்டும். எம் பொண்ணு வாய்ல இனிமே இன்னா கின்னா வரக்கூடாது. இங்கிலீஷுதான் இப்ப ஒலகத்துக்கே பாஷ. அத்த புட்ச்சுக்கினான்னு வையி, ஏசி ரூமு. வுட்டுட்டான்னா நம்மள மாறி வெயிலு."

அன்றிலிருந்து நம் வீட்டில் இரண்டு பாஷை. உனக்கும் எனக்கும் ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் "வூடு" என்றால் நீ "வீடு" என்று திருத்துவாய். உனக்கே அது வராது, "வீ...டூ" என்று இழுப்பாய். அவள் சிரித்தால் முறைப்பாய். பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது மாமா. டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி தமிழ், கடகடவென்று இங்கிலீஷ். டிப்ளமா முடித்தாள். யார்டு ஆபீசில் வேலையும் கிடைத்தது. நீ தெரு முழுக்க லட்டு கொடுத்தாய்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள், நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது, அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த ரூம்ல நான் செய்யறது என்ன தெரியுமா? ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து இன்னொரு கம்ப்யூட்டர்ல எழுதறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரேன் ஓடுது. நாள் பூரா அதையே பார்த்துட்டு இருக்கேன். பொண்ணுங்களுக்கும் சிக்னல் வேலை கத்துத் தராங்களாம். பேர் கொடுத்துட்டேன்."

"அடிப்பாவி! உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா?"

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

உன் நெஞ்சுச் சளி அப்போதே ஆரம்பித்துவிட்டது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நிலக்கரித் தூசு முப்பது வருஷம் உள்ளே போனதை வெளியே எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நீயும் சொல்லாத, நானும் சொல்லல" என்றேன். அந்தப் பொய்யை ஆரம்பித்தது நான்தான், அவள் இல்லை. இதை நீ சரியாகக் குறித்துக்கொள்.

பூட்ஸும் ஹெல்மெட்டும் பக்கத்து வீட்டு அமுதா கட்டிலுக்கு அடியில் இருந்தன. பவானி அங்கே போய் மாற்றிக்கொண்டு, செருப்போடு நம் வீட்டுக்குள் வருவாள். நீ தலையணையில் சாய்ந்துகொண்டு தினமும் அதே கேள்வி கேட்பாய்.

"ஏசி கீதாம்மா ரூம்ல?"

"இருக்கு நைனா."

"சில்லுனு கீதா?"

"ரொம்ப சில்லுனு இருக்கு நைனா."

ஒரு நாள் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாய். "ஏசில குந்திக்கினு எப்டிம்மா இப்டி கருத்துட்ட?"

பிள்ளை அசரவில்லை. "மீஞ்சூர் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு நைனா" என்றாள். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு இந்தாண்டப் பக்கமா குந்து" என்றாய். சமையல்கட்டில் நின்று நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீ போய்விட்டாய். அவள் ஏசி ரூமில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு போனாய். அதை நினைத்தால் சில நாள் நிம்மதியாக இருக்கும். சில நாள், உன்னை ஏமாற்றி வழியனுப்பிவிட்டேனே என்று சோறு இறங்காது.

நம்ம பாஷை நம்மோடு போகட்டும் என்று சொன்னாயே, அதை வைத்துக்கொண்டு இந்த ஒரு வருஷமாக நான் யோசிக்கிறேன். நீ சொன்னதில் பாதிதான் சரி மாமா.

பாஷை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நமக்குக் கல்யாணம் ஆன புதிதில் ரஷ்யாக்காரன் கப்பல் வரிசையாக நிற்கும். நீ வீட்டுக்கு வந்து "தவாய், தவாய்" என்று தட்டைத் தட்டுவாய். சீக்கிரம் கொண்டா என்று அர்த்தமாம். கஜா அண்ணன் கப்பல்காரர்களுக்குக் குடையும் டீத்தூளும் விற்று, அவர்களோடு சண்டை போடுகிற அளவுக்கு அந்தப் பாஷையைப் பிடித்துவிட்டார். "இது தெரிஞ்சா போதும் மாமு, பேரன் காலம் வரிக்கும் கவலயில்ல" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அப்புறம் அவர்கள் தேசத்தில் என்னவோ ஆயிற்று. கப்பல் குறைந்தது. பிறகு கொடியே மாறியது என்றாய். கஜா அண்ணன் வாயில் அத்தனை பாஷையும் அப்படியே இருந்தது, பேசத்தான் ஆள் இல்லை. ரெண்டு ரவுண்டு போட்டால் தெரு நாயைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரஷ்யாக் கணக்கில் ஒன்று, இரண்டு சொல்லித் தருவார், ஞாபகம் இருக்கிறதா? அந்த நாயும் பொறுமையாகக் கேட்கும்.

அடுத்து கொரியாக்காரன் கார் கம்பெனிச் சாமான் வந்தது. சீக்கிரம் என்பதற்கு அவர்கள் பேச்சில் நீ "பல்லி, பல்லி" என்று அவசரப்படுத்த, பவானி சுவரைப் பார்ப்பாள். இப்படி எத்தனை பாஷை நம் வீட்டு வாசப்படி ஏறி இறங்கியிருக்கிறது!

இதற்கு முன்னாலும் இப்படித்தானாம். என்னிடம் வஞ்சிரம் வாங்க வருவாரே ஒரு டீச்சரம்மா, சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், அவர் சொன்னார். நீ போன பிறகு நடந்த பேச்சு. நீ இருந்திருந்தால் கூடையை அப்படியே போட்டுவிட்டு உன்னிடம் சொல்ல ஓடி வந்திருப்பேன்.

"மல்லிகா, நீ ஏலம் போடறியே, அந்த ஏலம்ங்கிற சொல்லு யாரோடது தெரியுமா?"

"யார்துமா? எங்க சனத்துதுதான்."

"போர்ச்சுக்கீசியர்களோடது. சாவி, ஜன்னல், அலமாரி, மேஸ்திரி, இதெல்லாம்கூட."

"அடக் கடவுளே! எங்க வூட்டு சாமான்ல பாதி அவன்துதானா? வாடக கேட்டு வந்துடப் போறான்!"

டீச்சரம்மா சிரித்துவிட்டுச் சொன்னார். ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை, எந்தக் கடலில் எந்தக் கப்பலை எந்தக் கப்பல் பார்த்தாலும் அந்தப் பாஷையில்தான் பேசிக்கொள்வார்களாம். பாதி போர்ச்சுக்கீஸ், பாதி அந்தந்தக் கரைப் பேச்சு. இங்கே கோட்டை கட்டிய இங்கிலீஷ்காரனுக்கே ஆரம்பத்தில் அது இல்லாமல் வியாபாரம் நடக்கவில்லையாம். அதே காலத்தில் உள்நாட்டில் நவாப்பு சர்க்கார் ஆபீஸ்களில் பாரசீகமாம். நாம் சொல்கிற வசூல், ஜில்லா எல்லாம் அந்த வழியாக வந்ததாம். பிறகு ஒருத்தன் கப்பல் குறைந்து இன்னொருத்தன் கப்பல் கூடியது. பாஷையும் கூடவே மாறியது.

"உங்க வீட்டுக்காரர் சொல்வாரே, தூக்கறதுக்கும் இறக்கறதுக்கும், அதுவும் அவங்க பாய்மரத்துல பாய் ஏத்தி இறக்கின பேச்சுலேருந்து வந்திருக்கும்னு படிச்சிருக்கேன். ஆப்பிரிக்கா, ஜப்பான்னு ஓடின பாஷை. இன்னைக்கு இந்த ராயபுரத்துல அதுல முழுசா ஒரு வாக்கியம் பேச ஆள் இருக்கான்னு தேடணும்."

"அவ்ளோ பெரிய ஆளு, இன்னாமா ஆனான்?"

"ஊருக்குப் போயிட்டான்."

"வார்த்தய வுட்டுட்டா?"

"அதை யார் பொட்டி கட்டி எடுத்துட்டுப் போக முடியும் மல்லிகா?"

அன்றைக்கு ஏலம் கூவும்போது என் தொண்டையே எனக்குப் புதிதாக இருந்தது. இத்தனை வருஷம் நீயும் நானும் ஒரே கப்பலில் வந்த சொல்லை வைத்துத்தான் சோறு தின்றிருக்கிறோம். அந்தக் கப்பலே இல்லை.

சரி, இப்போது பவானி கதைக்கு வருகிறேன். போன மாதம் நடந்தது.

அந்த யார்டில் ஆளுக்கு ஒரு ஊர். ஒடிசா, பீகார், வங்காளம், குஜராத், நடுவில் நம் எண்ணூர்க்காரர்கள் நாலு பேர். புது மேனேஜர் வந்ததும் ஒரு உத்தரவு போட்டார். வாக்கி-டாக்கியில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை வரக்கூடாது. நியாயம்தான். பத்து ஊர்க்காரன் பத்து விதமாகக் கத்தினால் கிரேன்காரன் என்ன செய்வான்? நம் பிள்ளைக்கு அது கஷ்டமே இல்லை. ஒரு வருஷம் கற்றுக்கொள்கிறவளாக நின்ற பிறகு, அவளுக்கு மூன்று மாதம் பரீட்சை மாதிரி வேலை கொடுத்திருந்தார்கள். கடைசியில் ஒரு பெரிய சுமை. அதை அவள் சரியாக ஏற்றி இறக்கினால் வேலை நிரந்தரம். ஏதாவது பிசகினால் மறுபடியும் கண்ணாடி ரூம்.

புதன்கிழமைகளில் அந்த யார்டு கேன்டீனுக்கு மீன் போடுவது நான்தான். அன்று புதன்கிழமை. சமையல்காரி தனமும் நானும் மாடி ஜன்னலில் நின்றோம். கீழே நம் தெருத் தேரை நாலு சேர்த்துப் படுக்கவைத்த மாதிரி ஒரு இரும்பு உருளை. அதன் பக்கத்தில் என் பெண், இத்தனூண்டு. மேஜையில் யாரோ வைத்துவிட்டுப் போன வாக்கி-டாக்கியில் அவள் குரல் வந்தது. இங்கிலீஷில், நிதானமாக, தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. உருளை தரையை விட்டு எழுந்தது. மெதுவாகத் திரும்பியது. வைக்க வேண்டிய இடத்துக்கு மேலே வந்து இறங்க ஆரம்பித்தது.

"யக்கா, மூச்சு வுடு. செத்துடப் போற" என்றாள் தனம்.

அப்போது கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது. உருளையின் வால் பக்கம் ஆடியது. அதை ஆடாமல் கயிறு போட்டுப் பிடித்திருந்தவர் ஒடிசாக்காரர், பிரதான் என்று பேர், இரண்டு பிள்ளைக்காரர். கயிற்றோடு பின்னால் வந்தவரின் கால், அடுக்கி வைத்திருந்த மரக்கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. உருளை அவருக்கு நேராக இறங்கிக்கொண்டிருக்கிறது. கிரேன்காரர் ரஃபீக் பாய் உட்கார்ந்திருக்கிற உயரத்திலிருந்து அவரைப் பார்க்க முடியாது.

எல்லோரும் கத்தினார்கள் மாமா. அதுதான் பெரிய ஆபத்து என்று நீ சொல்வாய் இல்லையா? சுமை தொங்கும்போது ஒரு குரல்தான் கேட்க வேண்டும், நிறுத்து என்பதை மட்டும்தான் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று. அன்று ஆளுக்கு ஒரு வாக்கி-டாக்கியைப் பிடுங்கி இந்தியில் ஒருத்தன், ஒடியாவில் ஒருத்தன், தமிழில் ஒருத்தன், சூப்பர்வைசர் இங்கிலீஷில். ஒருத்தன் தூக்கு என்கிறான், ஒருத்தன் திருப்பு என்கிறான். மேஜைமேல் இருந்த அந்தப் பெட்டி வெறும் இரைச்சலாகக் கொட்டியது. பாய்க்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. சுமை இன்னும் இறங்குகிறது.

பவானி வாக்கி-டாக்கியை இடுப்பில் விட்டுவிட்டாள். இரண்டு கையையும் தூக்கினாள். ஜன்னல் கண்ணாடி அதிருகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏய், அல்லாரும் வாய மூடுங்கடா! பாய்! ஹாபீஸ்!"

இரைச்சல் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. உருளை நின்றது. பிறகு ஒரு முழம் மேலே போனது. அவள் முஷ்டியை மடக்கினாள், அங்கேயே நின்றது. ஹாபீஸ் என்ற அந்தச் சொல் பிரதான் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் ஒடிசாவில் பாரதீப் துறைமுகத்தில் வேலை செய்தவர், அதன் அர்த்தம் தெரிந்தவர். சுமை மேலே போகிறது என்று தெரிந்ததும் மனுஷன் பதறாமல் குனிந்து காலைப் பிடுங்கிக்கொண்டு உருண்டு வெளியே வந்துவிட்டார். பூட்ஸ் ஒன்று கட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவர் எழுந்து நின்ற பிறகு அவள் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்தாள். "ஆரியா" என்றாள். "ஆரியா. ஆரியா." குரல் தணிந்து, தணிந்து வந்தது. அது அவள் குரல் இல்லை மாமா. 

பத்து நிமிஷத்தில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மீன் கையைக்கூடக் கழுவாமல் கீழே ஓடி வாசலில் நின்றேன்.

"நீங்க இங்கிலீஷ்ல பேசலை. எந்த லாங்குவேஜ் அது?" என்றார்.

"எங்க நைனா பாஷை சார்" என்றாள் பவானி.

ரஃபீக் பாய் விடவில்லை. "நை நை சார். ஓ ஹமாரா பாஷா. பம்பாய் டாக்ல என் பாப் இதேதான் பேசும்."

பிரதான் ஒற்றைக்கால் பூட்ஸோடு நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னா சார் நீ, இது எங்க பாரதீப்து சார். அங்க வந்து கேட்டுப் பாரு."

மூன்று பேரும் சொத்துத் தகராறு மாதிரி நிற்கிறார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க யார்துமே இல்லப்பா அது. போர்ச்சுக்கீஸ்காரன்து. அவன் வந்து கேட்டான்னா குட்துடலாம். அது வரிக்கும் அல்லாரும் வெச்சுக்குங்க" என்றேன்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "இவங்க யாரு?"

"மீன்காரம்மா" என்றார் யாரோ.

"எங்கம்மா" என்றாள் பவானி.

அந்த வாரமே அவளுக்கு இரண்டு கடிதம் வந்தது மாமா. ஒன்று, இங்கிலீஷ் உத்தரவை மீறியதற்கு எச்சரிக்கை. இன்னொன்று, வேலை நிரந்தரம். இரண்டிலும் கையெழுத்து ஒரே ஆள். இரண்டையும் உன் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். யார்டில் உத்தரவு மாறவில்லை, இங்கிலீஷ்தான். ஆனால் கட்டளைகள் எழுதிய பலகையில், அடியில் உன் இரண்டு சொல்லும் ஏறியிருக்கிறது. ஆபத்து நேரத்துக்கு என்று போட்டிருக்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கேட்டேன். "ஏன்டி, நைனா உன்ன அந்தப் பேச்சே பேச வுடல. எப்டி வந்துச்சு?"

"யோசிச்சிருந்தா இங்கிலீஷ்தான் வந்திருக்கும்மா. யோசிக்க நேரமில்லை" என்றாள்.

நீ அவளுக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று அடித்துக்கொண்டது தப்பில்லை. அதுதான் அவளை அந்த கேட்டுக்குள் விட்டது. ஆனால் நம் பேச்சு நம்மோடு போய்விடும் என்றாயே, அதுதான் நடக்கவில்லை. பிரதான் எண்ணூரில் குடும்பத்தோடு இருக்கிறார். பவானிக்கு நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். அவருடைய சின்னப் பெண், கார்ப்பரேஷன் பள்ளியில் மூன்றாவது படிக்கிறது, என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆயா, எங்க வூட்டாண்ட பூனக்குட்டி கீது, பாக்க வரியா?" என்கிறது. ஒடிசாக் குழந்தை மாமா! யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்த ராஜா உத்தரவு போட்டான்? பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்துச் சிரித்த அந்த ஆளை அன்றைக்குத் தேடினேன். கிடைத்திருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டியிருப்பேன்.

இப்போது போனிலேயே எந்தப் பாஷையையும் எந்தப் பாஷைக்கும் மாற்றுகிறார்கள். பவானி என்னைப் பேசச் சொன்னாள். "இன்னாத்துக்குடி என்ன பேஜாரு பண்ற?" என்றேன். அது திருதிருவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் மன்னிக்கவும் என்று போட்டுவிட்டது. ஒலகத்தையே முழுங்கின போன், நம் காசிமேட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறது.

ஒரு நாள் சாப்பிடும்போது, "இங்கிலீஷும் ஒரு நாளு அந்தக் கப்பலு பாஷ மாறி போய்டுமாடி?" என்று கேட்டேன். "போகும்மா. ஆனா நான் ரிட்டயர் ஆனப்புறம் போகச் சொல்லு" என்றாள். நீ பெற்றது அப்படித்தான் பேசும்.

இனி நான் மறைக்க மாட்டேன் மாமா. போன வாரம் ஏலத்தை நிறுத்திவிட்டு, அத்தனை வியாபாரி முன்னாலும், எம் பொண்ணு கிரேனுக்கு சிக்னலு குடுக்குறா என்று கூவினேன். இறால் வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள். பூட்ஸ் இப்போது அமுதா வீட்டில் இல்லை, நம் வாசலில் இருக்கிறது. மலர் வெளியிடுகிற அன்று ஷிஃப்ட் முடித்து அதே உடுப்போடு அவள் வருவாள். நான் மைக்கில் பேசுவேன். நம் பேச்சில்தான் பேசுவேன். யாராவது சிரித்தால், சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, மறுபடியும் பேசுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். நீ இருந்திருந்தால் வேலியைத் தாண்டிக் குதித்து நீயே கத்தியிருப்பாய் என்கிறார் கஜா அண்ணன். இல்லை, ஹாபீஸு அப்படிச் செய்கிற ஆளில்லை என்கிறார்கள் மற்றவர்கள். உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்த எனக்கே சொல்லத் தெரியவில்லை. தலைக்கு மேல் அத்தனை பெரிய சுமை. கீழே உன் மகள். ஒரு குரல்தான் கேட்க வேண்டும். அவள் பக்கத்தில் நீ நின்றிருந்தால், அந்த நேரம் வாயைத் திறந்திருப்பாயா மாமா, இல்லை, அவளையே சொல்ல விட்டிருப்பாயா?

உன் வீட்டுக்காரி,
பவானியைப் பெற்றவள்,
மல்லிகா